ஓட்டம் போரடிக்குதா? ஷூவை விடுங்க, ரூட்டை மாத்துங்க!

400 மீட்டர் டிராக்கில் 5 கிலோமீட்டர் ஓடணும்னா பன்னிரண்டரை சுற்று. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் அறுபதைத் தாண்டிவிடும். அதே வளைவு, அதே வேப்பமரம், அதே பிளேலிஸ்ட். மூன்றாவது மாதம் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பவரைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமே இல்லை.

போரடித்ததும் பலர் செய்வது என்ன? புது ஷூ, புது ஸ்மார்ட் வாட்ச், இன்னொரு ஆப். ஆயிரக்கணக்கில் காசு போகும். பன்னிரண்டரை சுற்று மட்டும் அப்படியே இருக்கும்.

முதலில் மாற்ற வேண்டியது வேகத்தை. 1930-களில் ஸ்வீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பெயர் ‘ஃபார்ட்லெக்’, அதாவது ‘வேக விளையாட்டு’. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு லைட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை வேகமாக, அடுத்த இரண்டு கம்பத்துக்கு மெதுவாக, மூச்சு வாங்கினால் நடை. (டீக்கடையில் நின்றாலும் குற்றமில்லை.) மெதுவாக ஓடினால் யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்ற கூச்சமும் தேவையில்லை. மாரத்தான் ஜாம்பவான் எலியுட் கிப்சோகேவே வாரத்தின் பெரும்பகுதி தூரத்தை நிதானமாகத்தான் ஓடுகிறார்.

அடுத்தது ரூட். இதில் ஈரோட்டுக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 13-ம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்கால் பவானி அருகே தொடங்கி, ஈரோட்டை ஒட்டி, கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகிறது. பாம்பு போன தடத்திலேயே வாய்க்காலை வெட்டினார்கள் என்பது ஊர்க்கதை. கதை எப்படியோ, அடுத்த வளைவில் என்ன இருக்கும் என்று தெரியாத பாதை ஓடுபவருக்கு வரம். நகரத்துக்குள் சில இடங்களில் சாயக்கழிவு நாற்றம் மூக்கைத் துளைக்கும், உண்மைதான். ஊரைத் தாண்டினால் மஞ்சள், வாழை, நெல். தண்ணீர் விட்ட மாதம் ஒரு காட்சி, அறுவடை மாதம் இன்னொன்று. மண்பாதை என்பதால் காலுக்கு வரும் அதிர்வும் தார் ரோட்டைவிடக் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை என்றால் சென்னிமலை. 1,320 படிகளை ஓடி ஏற வேண்டாம், அது பக்தர்கள் வெறுங்காலோடு போகிற வழி. நிதானமாக நடந்து ஏறினாலே தொடை பேசும்.

இதெல்லாம் சொல்ல ஈஸி. யாருக்குச் சொல்கிறோம் என்பதுதான் கேள்வி. ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டு வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏழு மணிக்கு மேல் ஓடினால் தலை சுற்றும். அதனால் ஐந்து மணிக்கே கிளம்பணும். அப்போது இன்னும் இருட்டு. வாய்க்கால் கரையில் ஊரைத் தாண்டினால் விளக்கு கிடையாது, தெருநாய் கூட்டம் வேறு. ஒரு ஆண் கையில் குச்சியோடு போய்விடுவார். ஐ.டி. வேலைக்குப் போகும் பெண் அதே வ.உ.சி. பூங்காவைத்தான் சுற்ற வேண்டியிருக்கிறது. அவருக்கு ஓட்டம் சலித்தால் அது அவருடைய மன உறுதிப் பிரச்சினை அல்ல.

‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் ஒரே பாதை என்றால் அதுவும் சீக்கிரமே சலிக்கும். 8 கிலோமீட்டரில் ஒன்றுக்குப் பதிலாக, வீட்டுப் பக்கத்திலேயே 2 கிலோமீட்டரில் நான்கு பாதை இருந்தால் தினம் ஒன்றாக மாற்றி ஓடலாம். அதில் ஒன்றாவது வாய்க்கால் கரையில் இருக்கட்டும், அதிகாலை நாலரை மணிக்கே விளக்கு எரியட்டும். அந்நேரம் ஒரு ரோந்து வண்டி அந்தப் பக்கம் வந்து போனால், பூங்காவைச் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் கூட்டமாகவே வாய்க்கால் கரைக்கு வந்துவிடுவார்கள்.