பழைய காமிராவும் மாற்றுறுப்பும்

பழுதுற்ற பொருளைத் திருத்தப் புகுவோர் முதற்கண் நாடுவது மாற்றுறுப்பேயாம். நாற்காலியின் கால் முறிந்தால் தச்சர் புதிய கால் செய்து தருவர். கடிகாரத்தின் வார் அறுந்தால் கடைவீதியில் வேறொன்று கிடைக்கும். படச்சுருளிட்டுப் படமெடுக்கும் பழைய காமிராக்களின் நிலையோ வேறு. அவற்றுட் பலவற்றைச் செய்த தொழிற்சாலைகள் உறுப்புச் செய்வதை நிறுத்திப் பல்லாண்டுகள் கழிந்தன. ஆதலின், ஓட்டம் நின்ற காமிராவின் உறுப்பைக் கொண்டே மற்றொன்றை ஓட்ட வேண்டியிருக்கிறது. அவ்வுறுப்பைத் தேடுவோர் பெயரையும் தோற்றத்தையும் நம்பாது அளவையே நம்புதல் வேண்டும் என்பது எம் கருத்து. இதனை யாம் நூலிற் கற்றிலேம், இழந்து கற்றோம்.

எம் விடுதி மாணவர் சிலரிடம், பழைய மாணவர் ஒருவர் அன்புடன் அளித்த ‘ஜோர்க்கி-4’ என்னும் காமிரா ஒன்று உண்டு. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் நகரில் 1956 முதல் 1973 வரை செய்யப்பட்ட வகை அது. உடல் நன்றாயிருந்தது, லென்ஸ் என்னும் வில்லை மட்டும் இல்லை. அவ்வகைக் காமிராவுடன் ‘இந்துஸ்தார்-50’ என்னும் வில்லை விற்கப்பட்டதென அறிந்து, யாவரும் பணந் திரட்டி, அப்பெயர் பொறித்த வில்லை ஒன்றை வாங்கினோம். திருகியதும் இனிதே சென்று இறுகிற்று. எம் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

அவ்வாரத்திலேயே, விடுதிச் சமையலறையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குப் பிரிவுபசாரம் நடந்தது. அவரை யாம் ‘அண்ணாச்சி’ என்றே அழைப்போம். அவரைத் தனியாகவும், துணைவியாரோடும், எம் அனைவரோடும் வைத்து 36 படங்கள் எடுத்தோம். கைபேசியில் எடுக்க முன்வந்தோரையும் தடுத்து, “இதில் எடுத்து அச்சிட்டுத் தருகிறோம், அண்ணாச்சி” என்று வாக்களித்தோம். சுருளைக் கழுவிப் பார்த்தபோது ஓர் உருவமேனும் இல்லை. 36 சட்டங்களிலும் மங்கலே இருந்தது.

நேர்ந்தது யாதெனின், இந்துஸ்தார்-50 இருவகையாகச் செய்யப்பட்டது. ஒருவகை ஜோர்க்கி முதலிய தொலைவளக்கும் காமிராக்களுக்கு உரியது. மற்றொன்று, உள்ளே ஆடி அமைந்த ‘ஜெனித்’ காமிராவுக்கு உரியது. இரண்டன் திருகுமரையும் 39 மில்லிமீட்டர் அகலமே. ஆயினும், வில்லை பதியும் முகத்திலிருந்து படச்சுருள் வரையுள்ள ஆழம் ஜோர்க்கியில் 28.8 மில்லிமீட்டர், பழைய ஜெனித்தில், ஆடி மேலெழுந்து தாழ இடம் வேண்டியிருத்தலின், 45.2 மில்லிமீட்டர். யாம் வாங்கியது ஜெனித்தின் வில்லை. அது நிற்க வேண்டிய இடத்தைக் கடந்து 16.4 மில்லிமீட்டர் சுருளை நெருங்கி நின்றது. ஜோர்க்கியின் பார்வைச் சாளரம் வில்லையின் வழியே பார்ப்பதன்று. ஆதலால் எம் கண்ணுக்கு யாவும் தெளிவாகவே தோன்றின. ஓர் எச்சரிக்கை மட்டும் இருந்தது. சாளரத்தில் இரட்டையாகத் தோன்றும் உருவம், வில்லையைத் திருப்புங்கால் ஒன்றாதல் வேண்டும். அஃது ஒன்றாகவில்லை. சிறு பழுதென்று எண்ணித் தொலைவைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டோம். விற்றவர் பொய் கூறவில்லை. யாம்தாம் ஆழத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

தமிழ் பயிலும் எமக்கு இது மிக்க நாணத்தைத் தந்தது. பலபொருள் ஒருசொல் என்பதை வகுப்பிற் படித்தும், ஒரு பெயர் இரு பொருளைக் குறித்தல் கூடுமென்பதை வாங்குமிடத்தில் மறந்தோம். ஏட்டிற் சிதைந்த சீருக்கு, தளை தட்டாமை ஒன்றையே கருதி வேறொரு சீரைப் பெய்தால், ஓசை நிரம்பும், பொருள் கெடும். யாம் செய்ததும் அத்தகையதே.

ஒரே தொழிற்சாலையில் பிறந்தமையும் போதிய சான்றாகாது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் செய்யப்பட்ட லைக்காவுள் வில்லை மாற்றத்தக்க வகை 1930-ஆம் ஆண்டு வெளிவந்தபோது, ஒவ்வொரு வில்லையும் ஒவ்வோர் உடலுக்கென்றே சரிசெய்யப்பட்டது. 1931-ஆம் ஆண்டு 28.8 மில்லிமீட்டர் நிலையளவான பின்னரே ஒன்றன் வில்லை மற்றொன்றற்கு இயைந்தது. கார்க்கிவ் நகரில் 1934 முதல் செய்யப்பட்ட ‘பெட்’ காமிராக்களுள் முற்பட்டனவும் தத்தம் வில்லைக்கே இசைந்தவை. இதற்கு மாறாக, 42 மில்லிமீட்டர் அகலமும் 45.46 மில்லிமீட்டர் ஆழமும் உடைய அமைப்பை நோக்குக. 1949-ஆம் ஆண்டின் கான்டாக்ஸ் எஸ், பிராக்டிகா, 1957-இல் வந்த ஜப்பானிய அசாஹி பென்டாக்ஸ், பிற்கால ஜெனித் ஆகியன அதனையே மேற்கொண்டன. அதனால் ஒரு நாட்டின் வில்லை மற்றொரு நாட்டின் உடலில் இன்றும் தெளிவாகப் படமெடுக்கிறது. அளவைப் பொதுவாக்கினோர் பின்வருவோர்க்குச் செய்த உதவி எத்துணைப் பெரிது!

அளவென்பது நீள அகலங்கள் மட்டுமன்று. 1960-களிலும் 1970-களிலும் வந்த பல காமிராக்களின் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தால் இயங்கியது. பாதரசம் நஞ்சாதலின் அது விலக்கப்பட்டது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விற்பனையைத் தடுத்தது. அதே வடிவில் இன்று கிடைக்கும் கலங்கள் 1.5 வோல்ட் அல்லது 1.55 வோல்ட் உடையவை. அவை குழியில் நன்கு அமரும், முள்ளும் அசையும். ஆனால் பல காமிராக்களில் ஒளிமானி வெளிச்சத்தை மிகைப்படக் காட்ட, படம் ஒளி குறைந்து கறுக்கும். காது கேளாதோர் கருவிக்குரிய துத்தநாகக் காற்றுக் கலம் பழைய அளவுக்கு அணித்தானது; எனினும் மேலொட்டை நீக்கியபின் நெடுநாள் உழையாது. பென்டாக்ஸ் ஸ்பாட்மாடிக் போல்வன, தம் மின்சுற்றின் அமைப்பால், இவ்வேறுபாட்டைத் தாங்கும். ஆகவே கலத்தை வாங்குமுன் காமிராவை அறிதல் வேண்டும்.

ஈண்டு மற்றொன்றும் கூறற்பாலது. உறுப்புக்காக, ஓடுகின்ற காமிராவை உடைப்போர் உளர். எமக்கும் அத்தகைய சோதனை வந்தது. நன்கு இயங்கும் ஜோர்க்கி ஒன்று மலிவாக வந்தபோது, வில்லையைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதைத் துண்டு துண்டாக விற்றால் கைப்பணம் மீளும் என்றார் எம்முள் ஒருவர். கணக்கு சரியே. ஆயினும் ஒன்றைத் திருத்த ஒன்றை அழித்தால் உலகில் காமிரா ஒன்று குறைந்ததேயன்றிக் கூடியதில்லை. இனி அவ்வகை செய்வாரும் இல்லை. ஷட்டரின் வில்லும் பற்சக்கரமும் பெரும்பாலும் அதே வகையிலிருந்தே பெறற்பாலன; அவற்றைத் திருந்தாப் பழுதுற்றனவற்றிலிருந்தே கொள்ளலாம். பின்மூடி ஓரத்தில் உளுத்த பஞ்சுக்குக் கம்பளி நூலோ வெல்வெட்டுத் துணியோ போதும். கோடக் நிறுவனம் 1995-இல் நிறுத்திய 620 சுருளுக்கு, அதே அகலமுள்ள 120 சுருளை இருட்டறையில் பழைய 620 உருளையில் சுற்றிக்கொள்ளலாம். குப்பையென எறியப்படும் அவ்வெற்றுருளையே அருமையான மாற்றுறுப்பாகிறது.

இத்துணைப் பாடு எதற்கு, கைபேசி நொடியில் நூறு படம் எடுக்குமே என்பாரும் உண்டு. அவர் கூற்றில் உண்மையும் உண்டு. அண்ணாச்சியின் பிரிவுபசாரத்தன்று அவர் சொற்கேட்டிருப்பின் ஒரு படமேனும் எஞ்சியிருக்கும். ஆனால், இயங்கத்தக்க பொருளை அறியாமையால் எறிதல் வேறு. வேண்டாமென்று தெரிந்து விடுதல் வேறு. யாம் முன்னதையே மறுக்கிறோம்.

பின்னர், ஆழத்தைக் கேட்டும், தொலைமானியின் நெம்பைத் தள்ளும் வளையம் வில்லையின் பின்புறத்தே இருத்தலைக் கண்டும், உரிய வில்லையை வாங்கினோம். ஒரு சில படங்களை எடுத்துக் கழுவிப் பார்த்த பின்னரே அண்ணாச்சியின் ஊருக்குச் சென்றோம். தம் வீட்டுத் திண்ணையில் துணைவியாரோடு அவர் அமர்ந்த படம் இப்பொழுது அவர்தம் சுவரில் இருக்கிறது. பிரிவுபசாரத்தில் மாலையோடு நின்ற படம் மட்டும் இல்லை. அதற்கு மாற்றும் இல்லை.

ஆகவே, எம் கல்லூரி நிழற்படக் கழகத்தார் ஓர் அளவேடு தொடங்குவாராக. ஒவ்வொரு காமிராவின் மரை, ஆழம், மின்கலத்தின் வோல்ட், சுருளின் வகை ஆகியவற்றை அதிற் குறிப்பாராக. திருந்தா நிலையிலுள்ள காமிராக்களைப் பெயரெழுதிய பெட்டியில் சேர்த்து வைப்பாராக. பழைய மாணவர்களும் தம் வீட்டுப் பரணில் உறங்கும் காமிராக்களை, ஓடாதென்று எண்ணி எறியாது, வெற்றுருளையோடும் உறையோடும் கல்லூரிக்கு அனுப்புவாராக. பெறுவோர் அளந்து பார்த்துப் பயன்கொள்வர் என்பதற்கு, ஒரு சுருளை முழுதும் இழந்த யாமே பிணை.