நிழற்படத்துக்கு நம் ஊரில் ஒரு சுவர் உண்டா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

கோயிலுக்குப் பெயர் பெற்றது நம் காஞ்சி. பட்டுக்கும் பெயர் பெற்றது. இவ்விரண்டையும் படம் பிடிக்கக் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திறங்குவோர்க்கு ஆண்டு முழுவதும் குறைவில்லை. ஆனால் நிழற்படக் கலையை நேசிக்கும் உள்ளூர் மாணவன் ஒருவன், நல்ல படங்களைச் சுவரில் மாட்டிப் பார்க்க வேண்டும், அவற்றைப் பற்றிப் பேச நாலு பேர் வேண்டும், பழைய லென்ஸ் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் எங்கே போவான்? செங்கற்பட்டு வழியாகச் செல்லும் மின்சார ரயிலில் ஏறிச் சென்னைக்குத்தான் போவான். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. நானும் போயிருக்கிறேன். போனதில் வருத்தமில்லை. போயே தீர வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

சென்னையில் முதலில் என் கால் நின்ற இடம் வாலாஜா சாலை. அங்குள்ள கேமராக் கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள், படச்சுருள் போட்டு எடுக்கும் பழைய கேமராக்கள் அருங்காட்சியகத்துப் பொருள்களைப்போல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. நான் வாங்கப் போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். என் செருப்பைப் பார்த்தாலே தெரியும். இருந்தும் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, “பார்த்துட்டு வை தம்பி, அவசரமில்லே” என்றார். பாடப் புத்தகத்தில் படித்த துவாரமும் குவியத் தூரமும் விரல் நுனியில் சுழன்றது அன்றுதான்.

காட்சிக் கூடங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் கூடம் இருக்கிறது. 1966இல் ஓவியர்களே கூடி எழுப்பிய சோழமண்டலம் கலைக் கிராமம் இருக்கிறது. 2016இல் தொடங்கிய சென்னை நிழற்பட விழா, 2019இல் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்துக்குள்ளேயே படங்களைக் கொண்டுபோய் வைத்தது. சென்னை நிழற்படச் சங்கமோ தன் தொடக்கத்தை 1857 என்று சொல்லிக்கொள்கிறது! நம் நாட்டில் நிழற்படம் நேற்று வந்த பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விடுமுறை நாள்களில் விடியற்காலையில் கூடி, ஏதேனும் ஒரு பேட்டையைச் சுற்றி நடந்து படமெடுக்கும் குழுக்களும் உண்டு. பேராசிரியரும் மெக்கானிக்கும் அங்கே ஒன்றாக நடப்பார்கள்.

அக்காலத்தில்தான் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்தார். 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டி, ஏறத்தாழ பத்தொன்பது அடி நீளச் சுருளாக்கினார். கண்ணாடித் தட்டும் மெழுகுத் தாளும் மாட்டு வண்டியுமாக அலைந்த காலம் அது! சில ஆண்டுகளில் செலவைக் காரணம் காட்டி அந்தப் பணியையே அரசு நிறுத்திவிட்டது. ஆயினும் படங்கள் நிலைத்தன.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா குழித்தறியில் உட்காருபவர். கல்லூரிப் படியேறிய முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். தறி இருக்கும் அறை இருட்டாகத்தான் இருக்கும். கூரை ஓட்டின் இடுக்கு வழியே விழும் வெளிச்சம் பாவின்மேல் வட்டம் வட்டமாகக் கிடக்கும். 2019 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சூரிய கிரகணத்தின்போது, அந்த வட்டங்கள் அத்தனையும் பிறைகளாக மாறின. இடுக்கின் வடிவம் மாறவில்லை. சூரியன் தேய்ந்தது, பாவின்மேல் விழுந்த அதன் படமும் தேய்ந்தது. எங்கள் தறி அறையே ஒரு கேமரா என்று அன்று கண்டேன். இயற்பியலை நான் எடுத்துப் படிப்பதற்கு அந்தக் காலைதான் காரணம்.

அந்த ஆசையில்தான் என் ஆயாவின் திருமணப் படத்தைத் தேடத் தொடங்கினேன். 1972இல் எடுத்தது. வீட்டிலிருந்த படத்தைச் செல் அரித்துவிட்டது. தாத்தாவின் முகம் இருந்த பாதி போய்விட்டது. தாத்தாவுக்கு வேறு படமே கிடையாது. எடுத்த ஸ்டூடியோ இருக்கிறதே, நெகடிவ் இருக்குமே என்று விசாரித்துக்கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரரின் மகன் இப்போது அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறார். நல்ல மனிதர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கருப்பு வெள்ளை நெகடிவ் எல்லாத்தையும் வெள்ளிக்காகக் கேட்டு வந்தாங்க தம்பி. மூட்டை மூட்டையா எடைக்குப் போட்டுட்டோம். வச்சிருந்து என்ன பண்றது?”

அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. கருப்பு வெள்ளை நெகடிவில் கருப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளித் துகளே. அதை எரித்தும் கரைத்தும் வெள்ளியைப் பிரித்துவிடலாம். நம் ஊர் ஜரிகையும் அப்படித்தானே? பட்டு நூலின்மேல் வெள்ளி இழை சுற்றி, அதற்குமேல் பொன்முலாம். பழைய பட்டுச் சேலையை எடைக்கு வாங்கிப்போய் வெள்ளியை உருக்கி எடுப்பவர்கள் நம் தெருக்களில் குரல் கொடுத்துக்கொண்டு போவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆயாவின் கூறைச் சேலையும் அவ்வாறே போனது. ஆயாவின் கூறைப் படமும் அவ்வாறே போனது. இரண்டையும் சேர்த்து ஆயாவிடம் சொன்னபோது, “ரெண்டுலேயும் எவ்வளவு வெள்ளி தேறியிருக்கும்டா?” என்று கேட்டாள். அவளுக்கு அழத் தெரியாது.

இப்படிப் போகாமல் காக்க வழியே இல்லையா? உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடித் தேடிக் கணினியில் பதிந்து வைத்திருக்கிறது. பொட்டு வைத்த குழந்தை, நாற்காலியில் விறைத்து உட்கார்ந்த மாப்பிள்ளை, திரையில் வரைந்த பூந்தோட்டம் எல்லாம் வரலாறு என்று அயலார் உணர்ந்திருக்கிறார்கள். நாம் எடைக்குப் போடுகிறோம். 2019இல் நாற்பது ஆண்டுக்குப் பின் அத்திவரதர் நாற்பத்தெட்டு நாள் காட்சி தந்தபோது, 1979இல் ஊர் எப்படி இருந்தது என்று பார்க்கப் படம் கேட்டு எங்கள் தெரு முழுக்க அலைந்தேன். ஒரே ஒரு வீட்டில், ஒரே ஒரு படம் கிடைத்தது. அதிலும் தலைகளே அதிகம்!

வெளியூரிலிருந்து வரும் கேமராக்காரர்களைப் பற்றியும் ஒரு சொல். கைலாசநாதர் கோயிலில் மாலை வெயில் மணற்கல் சிங்கங்களின்மேல் சாயும் நேரத்தை அவர்கள் நன்றாக அறிவார்கள். அதில் எனக்கும் அவர்கள்தான் குரு. கோயில்களுக்குள் செல்பேசி கூடாதென்று 2022இல் உயர்நீதிமன்றம் சொன்னபோது சிலர் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. கும்பிடுகிறவர் முகத்துக்கு நேரே கருவியை நீட்டுவது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. என் குறை வேறு. விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டும்போது வருகிறார்கள், எடுக்கிறார்கள், போகிறார்கள். என் அப்பாவின் கைகள் யார் யார் வீட்டுச் சுவரில் தொங்குகின்றனவோ! ஒருவரேனும் ஒரு பிரதி அனுப்பியதில்லை. பெயர் கேட்டவரும் இல்லை. படத்தின் அடியில் ‘காஞ்சிபுரத்து நெசவாளி’ என்று மட்டும் போட்டிருப்பார்கள் என நினைக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது பெரிய கூடமன்று. அண்ணா நினைவு இல்லத்துக்குச் சென்றவர்கள் அறிவார்கள்: ஒரு சாதாரண வீட்டுச் சுவரே படங்களை மாட்டியதும் காட்சிக் கூடமாகிவிடுகிறது. நம் கல்லூரியின் இயற்பியல் துறைத் தாழ்வாரத்தில் ஒரு சுவர் சும்மா இருக்கிறது. மாதம் ஒருமுறை அதில் இருபது படங்கள் மாட்டலாம். பாதி, மாணவர்கள் எடுத்தவை. மீதி, நம் வீட்டுப் பெட்டிகளிலிருந்து வந்த பழைய படங்கள், அதிலிருப்போர் பெயரோடு. கேமரா இல்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கானுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திக்கொண்ட கேமராவால்தான் யானைகளைப் படமெடுத்தார். நமக்கோ செல்பேசி இருக்கிறது. துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். ஆணி அடிக்கக் கூடாது, கயிறு கட்டிக்கொள் என்றிருக்கிறார். அதுவே பாதி அனுமதி.

முதல் படம் தயாராகிவிட்டது. இரவல் கேமராவில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவரைத் தறியில் வைத்து எடுத்தேன். பிரதி போட்டுக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். தம் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. விரலை உடலும் கரையும் சேரும் இடத்தில் வைத்து, “கோர்வை இங்கே இழுத்துக்கிட்டிருக்கு பாரு. இதையா காலேஜிலே மாட்டப் போறே? அடுத்த சேலை ஏறட்டும், வந்து எடு” என்றார்.

அடுத்த சேலை தை மாதம் ஏறுகிறது.