தாமானில் காய்ச்சினால் கலை! தோட்டத்தில் குடித்தால் குற்றமா?



இந்த இடுகையை எழுதலாமா வேண்டாமா எனப் பல நாள்கள் தயங்கினேன். எழுதாவிட்டால் என் மனச்சான்று என்னை விடாது என்பதால் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானாலும் திட்டுங்கள்.

அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் பட்டணத்துப் பெற்றோர் ஒருவர் எழுந்தார். "தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளின் வீடுகளில் குடிப்பழக்கம் அதிகம். அவர்களோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் கெட்டுப் போகும். அந்தப் பெற்றோர்களுக்கு மட்டும் தனியாக ஒரு விளக்கக் கூட்டம் நடத்துங்கள்" என்றார். கைத்தட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் வேலை உடுப்போடு வந்து அமர்ந்திருந்த தோட்டத்துத் தாயார் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அது என் குற்றம்.

ஏனெனில், அந்தப் பெற்றோரின் மகன் 'விடுமுறையில் நான் செய்த வேலை' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரை அதே வாரம் என் மேசையில் இருந்தது. அப்பா பெரிய வாளியில் பீர் தயாரித்தாராம். இவன் இஞ்சி துருவினானாம், பாண்டான் இலையை முடிச்சுப் போட்டானாம், கருப்பட்டியை உருக்கினானாம். அடுத்த முறை ரம்புத்தான் பழம் சேர்க்கப் போகிறார்களாம். அப்பாவின் நண்பர்கள் வெளிநாட்டுப் புட்டிகள் சிலவற்றையும் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகச் சுவைத்துப் புள்ளி வழங்க, இவன் அட்டவணையில் குறித்துக்கொண்டானாம். கட்டுரையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை!

அதே கட்டில் இன்னொரு கட்டுரை. சம்பள நாள் இரவில் தம்பியை அழைத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போய்விடுவதாக ஒரு தோட்டத்துப் பிள்ளை எழுதியிருந்தான். இருவரும் ஒரே வகுப்பு. இரண்டாமவனுக்கு மட்டும் வகுப்பில் ஒரு பட்டப்பெயர் உண்டு. என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மாறினால் பொருள் மாறுமா?

முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றைக் கொதிக்க வைத்து, ஹாப்ஸ் பூவைக் கசப்புக்குச் சேர்த்து, ஆறிய பின் ஈஸ்ட் என்னும் நொதியத்தை இடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அதுதான் பீர். தென்னம்பாளையிலிருந்து வடியும் இனிப்பு நீரில் காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் தானாகவே புகுந்து அதே வேலையைச் செய்கிறது. அதுதான் கள். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்து ஏறிவிடும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது; பதநீராகவே இருக்கும். இரண்டிலும் வேலை செய்வது ஒரே நுண்ணுயிர்தான். ஆனால் தாமான் வீட்டில் நடந்தால் அது 'கலை', 'இரசனை'. தோட்டத்து லயத்தில் நடந்தால் 'குடி'! இது எந்த ஊர் நியாயம்?

2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஒரு பீர் விழாவுக்கு மாநகராட்சி மன்றம் அனுமதி மறுத்தது. உடனே தனிமனித உரிமை பற்றிக் குரல்கள் எழுந்தன. எழட்டும், தவறில்லை. ஆனால் தோட்டத்துப் பாட்டாளியின் கையில் சம்சு புட்டியைக் கண்டதும் அந்த உரிமைக் குரல்கள் எங்கே போய்விடுகின்றன?

கடாரத்து மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு

நம் தாத்தா பாட்டியர் பால்மரம் சீவிய காலத்தில், வெள்ளையர் அரசின் உரிமத்தோடு தோட்டங்களில் கள்ளுக்கடைகள் இருந்தன. சம்பளம் ஒரு கையில் வந்து மறு கையில் கள்ளுக்கடைக்குப் போனது. அரசுக்குக் கலால் வருவாய். தோட்ட நிருவாகத்துக்கோ, வேறெங்கும் போகாமல் மயங்கிக் கிடக்கும் தொழிலாளர் கூட்டம்.

இதை எதிர்த்து எழுந்தவர்கள் பட்டணத்துப் படித்தவர்கள் மட்டும் அல்லர். போருக்குப் பின், பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947இல் காவல்துறையின் நடவடிக்கையில் தொழிலாளர் உயிர்களும் பறிபோயின. குடியை ஒழிக்கத் தோட்டத்துத் தமிழன் உயிரைக் கொடுத்த மண் இது. அவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு நாம் குடியொழிப்புப் பாடம் நடத்தப் போகிறோமாம்! அதுவும் வீட்டில் வாளியை மூடி வைத்துவிட்டு!

சிலர் சொல்லும் சமாதானங்கள்

"சங்க காலத்திலேயே கள் இருந்ததே" என்பார்கள். உண்மைதான், புறநானூற்றில் கள் உண்டு. ஆனால் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே திருக்குறளில் உண்டு. அதுவும் நம்முடையதுதான். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது பண்பாட்டுப் பற்று ஆகாது.

"அமெரிக்காவில் சட்டமே இடம் தருகிறதே" என்பார்கள். ஆம், 1978இல் அங்கே கூட்டரசுச் சட்டம் இதற்கு வழிவிட்டது. நம் நாட்டில் மது தயாரிக்க 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதும் குற்றம். கடைக்காரர் விற்கக்கூடாத பொருளைத் தயாரிக்க நம் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை உதவலாமா?

"பிள்ளைக்கு இது அறிவியல்" என்பார்கள். நுண்ணுயிர்கள் ஆறாம் ஆண்டு அறிவியலில் உள்ளனதாம். ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீர், சர்க்கரை, ஈஸ்ட். வாயில் ஒரு பலூன். சிறிது நேரத்தில் பலூன் உப்பும், வகுப்பே கைதட்டும். ஆப்ப மாவு புளிப்பதைக் காட்டுங்கள். அதற்குப் பீர் வாளி எதற்கு? சர்க்கரை மிகுந்த பீரைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்தால் வாயு அழுத்தத்தால் புட்டி வெடிக்கவும் கூடும் என்பதும் அறிவியல்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 2018இல் நம் நாட்டில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது கலப்படத்தால் வந்த கேடு. வீட்டில் நொதிக்க வைக்கும் பீரை அதோடு சேர்த்துப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. என் அச்சம் வேறு. மதுவின் கசப்பும் நெடியும்தான் பிள்ளையின் நாக்குக்கு இயற்கை போட்ட வேலி. இஞ்சியும் பாண்டானும் பழமும் சேர்த்து அந்த வேலியை நாமே பிடுங்குகிறோம். மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1988இலேயே சேர்த்துவிட்டது. பாண்டான் வாசம் அதை மாற்றிவிடாது.

நான் கேட்பது என்ன?

நான் தோட்டத்தில் பிறந்தவள். சம்பள நாள் மாலையில் அப்பாவைக் கள்ளுக்கடையிலிருந்து அழைத்துவர அம்மா என்னைத்தான் அனுப்புவார். அந்த வாடை இன்றும் நினைவில் இருக்கிறது. ஆகவே சம்சுவுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். தோட்டத்துக் குடி குடும்பங்களை அழிக்கிறது. அதைப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் ஒரே அளவுகோலால் பேசுவோம்.

1. விளக்கக் கூட்டம் நடத்துவதானால் எல்லாப் பெற்றோருக்கும் நடத்துங்கள். மருத்துவரும் குத்தகைத் தொழிலாளியும் ஒரே வரிசையில் அமரட்டும்.

2. மது தயாரிப்பது, ஊற்றிக் கொடுப்பது, புள்ளி குறிப்பது ஆகிய எதிலும் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்.

3. ஆசிரியர்களே, 'குடிகாரன் மகன்' என்னும் சொல் வகுப்பில் எழுந்தால், அந்த நொடியே பாடத்தை நிறுத்துங்கள். அன்று இலக்கணம் முடியாமல் போனாலும் பரவாயில்லை.

அந்த மகனின் கட்டுரைக்கு என்ன மதிப்பெண் போட்டீர்கள் என்று கேட்பீர்கள். மொழிக்கு உரிய மதிப்பெண்ணை முழுமையாகப் போட்டேன். பிறகு அவன் தந்தையை அழைத்துத் தனியே பேசினேன். "இது குடி இல்லை டீச்சர், ஒரு பொழுதுபோக்கு" என்றார். "உங்களுக்குப் பொழுதுபோக்கு, சார். உங்கள் மகனுக்கு அது முதல் பாடம்" என்றேன். அவர் விடை சொல்லாமல் எழுந்து போனார்.

அடுத்த கூட்டத்தில் நான் வாய் மூடி அமரப் போவதில்லை. கடைசி வரிசையில் அந்தத் தாயாரின் பக்கத்தில் அமர்ந்து, அங்கிருந்தே எழுந்து பேசுவேன்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!