பாறு வரும் வழி

மகாராஷ்டிரத்தின் தடோபாக் காட்டில் 2024-ஆம் ஆண்டு விடுதலை பெற்ற வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளில் ஒன்று, அடையாள எண்ணைத் தவிர வேறு பெயரில்லாத பறவை, உடலில் கட்டிய சிறு கருவியைச் சுமந்துகொண்டு, ஐந்து மாநிலங்களின் வழியே ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறந்து தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. கூண்டுக்குள்ளேயே வளர்ந்த பிராணி அது. வெயிலேறியதும் எழும்பும் வெப்பக் காற்றில் ஏறி, சிறகை அசைக்காமல் காத தூரம் செல்லும் வித்தையை அதற்குக் கற்றுத்தர ஒருவருமில்லை. இருந்தும், மூதாதையர் சஞ்சரித்த ஆகாயத்தை அது தானாகவே கண்டுகொண்டது. அந்தச் செய்தி தந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்சாரம் தாக்கி அது மாண்டுபோயிற்று.

இன்னும் ஓரிரு தினங்கள் அது தெற்கு நோக்கிப் பறந்திருக்குமானால் தாமிரபரணியைக் கண்டிருக்கும். அப்படி வந்திருந்தால் இந்தப் பிரதேசம் அதற்கு என்ன வைத்திருந்தது என்ற கேள்வியைத் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் பாறுகளோடு நமக்குள்ள பந்தம் நேற்று முளைத்தது அல்ல. அருகன்குளத்தருகே ஆற்றங்கரையில் ஜடாயு தீர்த்தம் இருக்கிறது. சிறகறுந்து வீழ்ந்த பட்சிராஜனுக்கு இராமபிரான் ஒரு புத்திரனைப்போல் அந்திமக் கிரியைகளைச் செய்த இடம் அதுவே என்று நம்பி, தர்ப்பண தினங்களில் ஜனங்கள் அங்கே வந்து தங்கள் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். வடக்கே, பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த கழுகுமலையில், ஜடாயுவின் தமையன் சம்பாதி முருகனை வழிபட்டதாக ஸ்தல புராணம் பேசுகிறது. இவ்வளவு பக்தியும் நம்மிடம் இருக்க, அந்த மலையின்மேல் வட்டமிட இன்று ஒரு பாறுகூட இல்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைதோறும் வந்து பிரசாதம் உண்ட மஞ்சள்முகப் பாறுகளும் நம் காலத்திலேயே வராமல் நின்றுவிட்டன.

அவை எப்படி அழிந்தன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மடிவீக்கத்தாலோ கால்நோவாலோ துன்புறும் மாட்டுக்கு வலி தீர டைக்ளோஃபினாக் என்னும் மருந்தை ஊசியாகப் போடுவது 1990-களில் நாடெங்கும் வழக்கமாயிற்று. பிழைத்த மாட்டின் உடம்பிலிருந்து அந்த மருந்து சில நாட்களில் நீங்கிவிடும். ஆனால் கிராமத்து ஏழைக் குடியானவன், சாகக் கிடக்கும் மாட்டின் வேதனையைப் பார்க்கச் சகிக்காமல், கடைசி நேரத்தில் ஊசி போடச் சொல்வான். அது இறந்ததும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவார்கள். மருந்து ஊறிய அந்த மாமிசத்தை ஐம்பது அறுபது பாறுகள் ஒன்றாக இறங்கித் தின்னும். தின்றவற்றின் சிறுநீரகம் ஓரிரு நாளில் செயலற்றுப்போக, யூரிக் அமிலம் ஈரலின்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிய, கழுத்து தொங்கிக் கிளையிலேயே அவை உயிர்விடும். இரக்கத்தால் போட்ட ஊசியே எமனாயிற்று. நூறு பிணங்களில் ஒன்றில்கூட இந்த நஞ்சு இருக்க வேண்டியதில்லை; அதற்கும் குறைவானதே ஓர் இனத்தை அழிக்கப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அந்த நஷ்டத்தை எங்ஙனம் ஈடு செய்யும்? 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. காரணம் இன்னதென்று பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சி 2004-இல் நிரூபித்த பிறகு, 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனிதருக்கென விற்கும் பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க 2015-இல் 3 மில்லியைத் தாண்டிய குப்பிகள் விலக்கப்பட்டன. அந்த விலக்கைச் சென்னை உயர் நீதிமன்றமும் 2017-இல் உறுதி செய்தது. கீட்டோபுரொஃபனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-இலும், அதையடுத்து நிமெசுலைடும் தடை பெற்றன.

அரியானாவின் பிஞ்சோரில் மாநில வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் நடத்திவரும் இனப்பெருக்க நிலையத்துக்கு ஜடாயுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அங்கே பெருகியவற்றில் எட்டு வெண்முதுகுப் பாறுகள் 2020-இல் வெளியே விடப்பட்டன. தடோபாவுக்குச் சென்றவையும் அந்த நிலையத்துப் பறவைகளே. இவற்றைப் பற்றிக் கேள்விப்படும்போது, நம் பாபநாசத்துக்கும் நாலு ஜோடி கொண்டுவந்து விட்டால் என்ன என்ற ஆசை பறவையன்பர்களுக்கு எழுவது இயற்கை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் அது இரண்டாவது காரியம். அவற்றைக் கொல்லும் காரணங்களை இங்கிருந்து நீக்குவதே முதற் காரியம் என்பது என் அபிப்பிராயம்.

கலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெருங்கழுகுகள் 1987-இல் 27 மட்டுமே எஞ்சியிருந்தபோது, அவை அத்தனையையும் பிடித்துக் காத்து, பெருக்கி, 1992 முதல் காட்டுக்குத் திருப்பி அனுப்பிவருகிறார்கள். வேட்டைக்காரர் சுட்டுப் போட்ட மிருகங்களின் உடலில் தங்கிய ஈயக் குண்டுத் துணுக்குகளே அவற்றைக் கொன்றவற்றில் முதன்மையானவை. அந்த ஈயம் காட்டில் அப்படியே இருந்தபடியால், விடுதலையான பறவைகளும் அதே நஞ்சுக்கு இரையாயின. எத்தனையோ பறவைகளை மறுபடி பிடித்து இரத்தத்தைச் சுத்தி செய்து விட வேண்டியிருந்தது. பிரிட்டனிலோ, 1989 முதல் ஸ்பெயினிலிருந்தும் சுவீடனிலிருந்தும் கொண்டுவந்து விட்ட செம்பருந்துகள், அவற்றைக் கொன்றுவந்த மனிதர்களின் கை பெரிதும் அடங்கியிருந்தமையால், இன்று நெடுஞ்சாலைகளின்மேல் சர்வ சாதாரணமாக வட்டமிடுகின்றன.

பாறு வாழும் இடம் எப்படியிருக்கும் என்று அறிய நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. நீலகிரிக்கு வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் அவை இன்னும் கூடு கட்டுகின்றன. சிகூர்ப் பக்கத்தில் ஒரு சமயம், இறந்துகிடந்த எருமையின்மேல் அவை இறங்குவதைக் கண்டேன். கால்களைத் தொங்கவிட்டுத் தரையில் விழுந்தாற்போல் இறங்கி, இறக்கைகளைப் பாதி விரித்தபடியே தத்தித் தத்தி ஓடி, ஒன்றையொன்று சீறித் தள்ளி, இறக்கை உயரும்போதெல்லாம் முதுகின் வெள்ளை பளிச்சிட, மயிரற்ற கழுத்தை உள்ளே நுழைத்து அவை உண்ட வேகத்தில், நான் நின்ற கொஞ்ச நேரத்துக்குள் விலாவெலும்புகள் வெளிப்பட்டுவிட்டன. உண்டு முடித்தவை ஆற்றுக்குப் போய் அமிழ்ந்து குளித்துப் பாறைகளில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டதைப் பார்த்தவர் எவரும் அசுத்தமான பிராணி என்று அவற்றைச் சொல்ல மனம் துணியார். அங்கே அவை பெரிதும் கூடு கட்டுவது நீர்மருத மரங்களில். அதே மருதம் தாமிரபரணியின் இரு கரைகளிலும் இன்றும் ஓங்கி நிற்கிறது; களக்காடு முண்டந்துறையில் மிளாவும் காட்டெருமையும் அவற்றைக் கொன்றுண்ணும் புலியும் சிறுத்தையும் உள்ளன. மரமும் மலையும் நதியும் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆயத்தமாக வேண்டியவர்கள் நாம்.

திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மெலாக்சிகாம், டால்ஃபினாமிக் அமிலம் ஆகிய மருந்துகள் பாறுகளுக்குத் தீங்கு செய்யாதவை என்பது சோதித்தறிந்த உண்மை. மேலப்பாளையம் சந்தையில் கூடுகிற ஆட்டு வியாபாரி வரை இந்த விஷயம் எட்டும்படி அக்கல்லூரி முன்னின்று பிரசாரம் செய்ய வேண்டும்; தடை செய்த மருந்து பெட்டிக்கு அடியிலிருந்து விற்கப்படுகிறதா என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கிராமக் கடைகளில் சோதிக்க வேண்டும். காட்டோரத்தில் இயற்கையாய் இறக்கும் விலங்குகளை, நோய் இல்லையென்று உறுதி செய்தபின், புதைக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

அடுத்தது கம்பி. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வரும் காற்றை நம்பி, பணகுடியிலும் முப்பந்தலிலும், கழுகுமலைக்கு அருகிலுள்ள கயத்தாற்றிலும் எண்ணற்ற காற்றாலைகள் சுழல்கின்றன. அவை நாட்டுக்கு அவசியம். அவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பாறு பறக்கும்போது தலையைக் கவிழ்த்து நிலத்தையே பார்ப்பது; அப்போது எதிரே நேராக இருப்பது அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அகன்ற இறக்கையுள்ள பறவை அமரும் மின்கம்பங்களில் கம்பிக்கு உறையிடுவதும், புதிய ஆலைகளை மலையடிவாரத்திலிருந்து தள்ளி நிறுவுவதும் பெருஞ்செலவுக் காரியங்கள் அல்ல. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து நம் கரிசல் காடுகளுக்கு வரும் பூனைப்பருந்துகளுக்கும் அதனால் நன்மை உண்டாகும்.

2017-இல் ஒக்கிப் புயலில் அகப்பட்டுக் கன்னியாகுமரியில் ஒரு கரும்பாறு கிடைத்தது. உதயகிரிக் கோட்டையில் ஐந்தாண்டு காலம் அதைப் பராமரித்த வனத்துறை, தெற்கே அதற்கு இனமும் இல்லை, போக்கிடமும் இல்லையென்று கண்டு, 2022 நவம்பரில் விமானமேற்றி ஜோத்பூருக்கு அனுப்பியது. மெச்சத்தக்க காரியம், ஆனாலும் இங்கே ஒரு பாறுக்குக்கூட இடமில்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகத்தான் அது என் மனத்தில் பட்டது.

பாறுகளை விடுவதற்கு முன் சுற்றிலும் 100 கிலோமீட்டர் ஆரத்துக்கு நஞ்சில்லாத பிரதேசம் வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த நியதி. பாபநாசத்தை மையமாக வைத்து அந்த வட்டத்தை வரைந்தால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஜில்லாக்களோடு மலைக்கு மேற்கே திருவனந்தபுரமும் கொல்லமும் பெரும்பாலும் அதனுள் அடங்கும். தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் சேர்ந்து ஒரே சமயத்தில் பாறுகளைக் கணக்கெடுத்து, 2023 இறுதியில் 320 பறவைகளைக் கண்டன. வடக்கே நடந்த அந்தக் கூட்டு முயற்சியைப் பொதிகையின் இரு பக்கத்துக்கும் நீட்டும்படி, 2022-இல் தமிழக அரசு நியமித்த பாறு பாதுகாப்புக் குழுவை நம் ஜில்லாப் பிரதிநிதிகள் வற்புறுத்த வேண்டும். பிஞ்சோருக்கு விண்ணப்பம் எழுதுவது அதற்குப் பிறகு போதும்.