“படம்… பட்டன்… பெயரில்லாத பட்டன்…” இதுதான் பார்வையற்றவருக்கு ஆன்லைன் கடையா?



திருவண்ணாமலை மாவட்டம்னா தீபத்துக்கு அடுத்து ஆரணிப் பட்டுதான். பார்வையில்லாத ஒரு அக்கா கடைக்கு நேரில் போனால், துணியை விரலால் தடவி, சரிகை நெருடலைத் தெரிஞ்சுக்கிட்டு, நிறத்தை மட்டும் கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்கிடுவாங்க.

அதே புடவை ஆன்லைன்ல இருந்தா? போனில் உள்ள ‘டாக்பேக்’ திரையை வாசிச்சுச் சொல்லும். படத்துக்கு விவரமும், பட்டனுக்குப் பெயரும் எழுதி வைக்கலைன்னா அது எதை வாசிக்கும்? எது விலை, எது பணம் கட்டுற இடம்? இதுல கோணல் எழுத்தைக் காட்டி “நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்க”ன்னு ஒரு கேப்சா வேற!

சின்னக் குறைதானேன்னு கடந்து போகாதீங்க. இது சட்ட மீறல். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 46 என்ன சொல்லுது? அரசோ தனியாரோ, சேவை தருபவர் எல்லாரும் விதிகள் வந்த 2 ஆண்டுக்குள் அணுகல் வசதி செஞ்சாகணும். விதிகள் வந்தது 2017 ஜூன். 2019லேயே கெடு முடிஞ்சாச்சு! முதல் முறை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். கோடிகளில் வியாபாரம் பண்றவனுக்கு அது டீக்காசு.

அதனாலதான் பார்வையற்றவர்களே வழக்குப் போட வேண்டியிருக்கு. மருத்துவச் செயலியான ப்ராக்டோவை எதிர்த்து பார்வையற்ற வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் போனார். இந்தக் கடமை தனியாருக்கும் உண்டுன்னு 2022ல் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் உத்தரவிட்டார்.

2024 நவம்பர் 8, ராஜீவ் ரத்தூரி வழக்கு. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை மாதிரி வச்சிருந்த விதி 15(1) சட்டத்துக்கே முரண்னு சொன்ன உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளைக் கொண்டுவர ஒன்றிய அரசுக்கு 3 மாதம் கெடு கொடுத்தது.

2025 ஏப்ரல் 30. பர்திவாலா, நம்ம தமிழ்நாட்டு நீதிபதி ஆர்.மகாதேவன் அமர்வு. வங்கிக் கணக்குக்கு “கண்ணைச் சிமிட்டுங்க”ன்னு கேட்கும் கேஒய்சியை எதிர்த்து, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் போட்ட வழக்குகள். டிஜிட்டல் அணுகல், அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும்னு தீர்ப்பு, கூடவே 20 உத்தரவுகள்.

அமெரிக்காவுல டார்கெட் நிறுவனம் மேல 2006ல் போட்ட வழக்கு, 2008ல் 60 லட்சம் டாலர் கொடுத்துத்தான் சமரசமாச்சு. இங்கே 10,000 ரூபாய்! 2011 கணக்கெடுப்புப்படியே இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவங்க 50 லட்சம் பேர். அபராதத்தை நிறுவனத்தோட வருமானத்துக்கு ஏத்த மாதிரி உயர்த்தச் சொல்லி ஒன்றிய அரசைத்தான் நாம கேட்கணும்.

ஒண்ணு, ஆரணியில் நாலு தறி போட்டு வாட்ஸப்பில் விக்கிற நெசவாளியையும் பெரிய கம்பெனியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு வரிதான்: “அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை, அன்னப்பட்சி புட்டா, விலை இவ்வளவு.” செலவு சல்லிக்காசு கிடையாது. பக்கத்துல கடை வச்சிருக்கிற அண்ணன்களுக்கு இதைச் சொல்லுங்க.

போஸ்டர் போடுற தம்பிகளே, படத்தில் இருக்கிற வாசகத்தைக் கீழே எழுத்தாவும் போடுங்க.