புகழ் வேண்டாம்; நாள் கொடுங்கள்

“நல்ல படத்தை நம் ஜனங்கள் பார்ப்பதில்லை” என்று அங்கலாய்க்கிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்: ஐயா, எத்தனை நாள் காட்டினீர்கள்?

இந்தக் கேள்விக்கு இதுவரை எனக்கு நேரான பதில் கிடைத்ததில்லை. ரசனை கெட்டுப்போனதைப் பற்றிப் பிரசங்கம் கிடைத்திருக்கிறது. காலம் கெட்டுப்போனதைப் பற்றிப் பெருமூச்சு கிடைத்திருக்கிறது. நாள் கணக்கை மட்டும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். 1955 ஆகஸ்டு 26-ந் தேதி கல்கத்தாவில் ‘பதேர் பாஞ்சாலி’ வெளியாயிற்று. நட்சத்திரம் கிடையாது, டைரக்டருக்கு அது முதல் படம். முதல் சில நாட்கள் கூட்டம் சொல்லும்படியாக இல்லை. ஓரிரு வாரத்துக்குள் ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, கொட்டகை நிரம்ப ஆரம்பித்தது. அப்படி நிரம்பி வழிந்துகொண்டிருந்த வேளையில், ஆறு வாரம் ஆனதும், பஸுஸ்ரீ கொட்டகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள். காரணம், அந்த இடம் வேறொரு படத்துக்கு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டிருந்தது. அந்த வேறொரு படம் எது என்கிறீர்கள்? நம்முடைய எஸ். எஸ். வாசன் எடுத்த ‘இன்ஸானியத்’. திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த ஹிந்திப் படம்.

பின்னால் வாசன், சத்யஜித் ராயை நேரில் தேடிப் போய், இப்படியொரு படம் அங்கே ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருந்தால் என் படத்தைத் தள்ளிப் போட்டிருப்பேன் என்கிற அர்த்தத்தில் சொன்னதாக ராயின் வாழ்க்கையை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். சொன்னவர் பெரிய மனிதர். ஆனால் அந்தப் பெரிய மனசுக்கும் கொட்டகை அட்டவணையை மாற்ற முடியவில்லை என்பதுதான் விஷயம். பிறகு வேறொரு கொட்டகையில் அதே படம் ஏழு வாரம் ஓடியது. ஜனங்கள் வரவில்லை என்று இதில் யாராவது சொல்ல முடியுமா? ஜனங்கள் வந்தார்கள். வந்துகொண்டேயிருந்தார்கள். இடம்தான் போய்விட்டது.

1958-ல் அதே படம் நியூயார்க்குக்குப் போயிற்று. அங்கே பெரிய பத்திரிகையின் பெரிய விமரிசகர், ஹாலிவுட் எடிட்டரின் மேஜையில் இது அரைகுறை வெட்டாகக்கூடத் தேறாது என்கிற மாதிரி எழுதினார். நம் ஊராக இருந்தால் வெள்ளிக்கிழமை விமரிசனத்துக்குத் திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்கும். ஆனால் படத்தை வாங்கிப் போட்ட ஃபிஃப்த் அவென்யூ பிளேஹவுஸ் என்ற சின்னக் கொட்டகை அதை எடுத்தெறிந்துவிடவில்லை. எட்டு மாதம் ஓடிற்று. விமரிசகர் புகழ் தரவில்லை. கொட்டகை நாள் தந்தது. நாள்தான் ஜெயித்தது.

சின்னப் படத்துக்கு விளம்பரம் செய்யப் பணமில்லை. அதைப் பார்த்தவனின் வாய்தான் அதற்குச் சுவரொட்டி. வாய் வார்த்தை நடந்துதான் போகும்; விமானத்தில் போகாது. வெள்ளிக்கிழமை பார்த்தவன் ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடம் சொல்லி, மாமனார் புதன்கிழமை ஆபீசில் சொல்லி, ஆபீஸ் சிநேகிதர் அடுத்த சனிக்கிழமை மனைவியோடு புறப்படும்போது, அந்தப் படம் அங்கே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் வார்த்தை வீட்டு வாசலிலேயே செத்துப்போகும்.

இதைப் புரிந்துகொண்டு நடத்தப்படுகிற கொட்டகைகள் உலகத்தில் இருக்கின்றன. நியூயார்க்கிலேயே ஃபிலிம் ஃபோரம் என்று ஒன்று. 1970-ல் அதை ஆரம்பித்தபோது இருந்த சொத்து ஐம்பது மடக்கு நாற்காலியும் ஒரு புரொஜக்டரும். ஐம்பது மடக்கு நாற்காலி என்றால் நம் ஊரில் காதுகுத்துக்கு ஒரு வண்டியில் வந்து இறங்குகிற சாமான்! இன்றைக்கு ஹவுஸ்டன் தெருவில் அது நான்கு அரங்குகளோடு நிற்கிறது. லாபத்துக்காக நடப்பதல்ல, டிக்கெட்டோடு சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து நடக்கிறது.

அதன் ஒரு மாத அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எவனோ கடன் வாங்கி எடுத்த முதல் படம் ஒன்று. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு தொழிலைப் பற்றிய டாக்குமெண்டரி ஒன்று. பக்கத்து அரங்கில் அறுபது வருஷத்துக்கு முந்திய ஜப்பானியப் படம். ஒவ்வொன்றுக்கும் தினம் சில காட்சிகள், நேரம் குறித்து, டிக்கெட் விலை குறித்து. டாக்குமெண்டரி என்பதற்காக யாரும் இலவசமாக உள்ளே விடுவதில்லை. காசு கொடுத்து வாங்குகிற பண்டமாக அதை மதிக்கிறார்கள்.

டில்லியில் அடிபட்ட பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ 2022-ல் அங்கே ஓடிற்று. உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ பத்திரிகையைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ 2021-ல் அங்கே ஓடிற்று. இந்தியாவிலிருந்து ஆஸ்கார் நியமனம் பெற்ற முதல் முழுநீள டாக்குமெண்டரி அது. நம்மைப் பற்றிய படத்தை அங்கே ஒருவன் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்தான். நாம் அதைப் பத்திரிகையில் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டோம். என்ன பெருமை இது!

இதில் பெருமையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2022 மார்ச்சில் அந்தப் பத்திரிகைப் பெண்களே ஓர் அறிக்கை விட்டார்கள். படம் தங்களைச் சரியாகக் காட்டவில்லை, தாங்கள் செய்கிற வேலையின் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது என்றார்கள். எவ்வளவு முக்கியமான தகராறு! படம் எடுக்கப்பட்டவர், எடுத்தவரைப் பார்த்து ‘இது நானல்ல’ என்கிறார். இந்த வழக்கு நடக்க வேண்டிய இடம் எது? லக்னோவிலும் பாட்னாவிலும் மதுரையிலும் உள்ள கொட்டகை வாசல் அல்லவா? ஆனால் படம் இங்கே கொட்டகைக்கு வரவில்லை. பார்க்காத படத்தைப் பற்றி நாம் எந்தக் கட்சி பேசுவது? சாட்சியே வராத வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு யோக்கியதை ஏது?

“அது அமெரிக்கா ஐயா, பணக்கார தேசம்” என்பார்கள். சரி, நம் வீட்டுக்கே வருவோம். 1964-ம் வருஷப் படங்களுக்கான தேசிய விருதுகளில், ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவன்’ அகில இந்தியாவிலும் மூன்றாவது சிறந்த படமென்று சான்றிதழ் பெற்றது. சான்றிதழ் கிடைத்த படத்துக்குக் கொட்டகைகளில் கால் ஊன்ற இடம் கிடைக்கவில்லை. அந்தக் காலம் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் விழாவின் முதல் பரிசை வாங்கிற்று. அந்த வருஷம் ஆஸ்காருக்கு இந்தியாவின் பெயரால் அனுப்பப்பட்ட படமும் அதுவே. அதன் தயாரிப்பில் தமிழ்த் திரையின் பெரிய நட்சத்திரம் ஒருவரின் பெயரும் இருந்தது. இத்தனை இருந்தும் 2023 அக்டோபரில் அது நேராக இணையத்தில்தான் வெளியாயிற்று. குடிகாரத் தகப்பனும் சிறு பையனும் வெயிலில் நடந்து வருகிற படம். நடந்தவர்கள் நம் மண்ணில் நடந்தார்கள். அந்த மண்ணில் அதற்கு ஒரு திரை இல்லை.

“வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே, கைபேசியிலேயே வருகிறதே” என்பது அடுத்த வாதம். வருகிறது, மறுக்கவில்லை. நானும் பார்க்கிறேன். பாதியில் குக்கர் சத்தம் போடும், எழுந்து போவேன், திரும்பி வந்தால் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பேன். இஷ்டம்போல நிறுத்தலாம் என்ற சௌகரியம் வேடிக்கைப் படத்துக்குச் சரி. மலக்குழியில் இறங்குகிற மனிதனைக் காட்டும் டாக்குமெண்டரியை நிறுத்துகிற சௌகரியம் நமக்கு இருக்கக்கூடாது. முன்பின் தெரியாத நூறு பேர் நடுவில், இருட்டில், எழுந்து போக வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறோமே, அந்த வெட்கம் நல்லது. வெளியே வந்ததும் டீக்கடையில் யாரோ ஒருவர் நம்மோடு சண்டைக்கு வருவாரே, அது இன்னும் நல்லது.

டாக்குமெண்டரி என்றாலே நம்மவர்களுக்குக் கசப்பு ஏன் தெரியுமா? அதைச் சர்க்கார் கஷாயமாக ஊட்டியது. 1943-ல் யுத்தத்துக்காக வெள்ளைக்காரன், ஒவ்வொரு காட்சியிலும் சர்க்கார் ஒப்புக்கொண்ட படத்தைப் போட்டாக வேண்டும் என்று கட்டாயம் கொண்டுவந்தான். சுதந்திரம் வந்தது, 1948-ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்தது, கட்டாயமும் கூடவே வந்தது. கொட்டகைக்காரர் வாடகையும் கட்டி அதைப் போட்டார். ரசிகர்கள் அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி பிடித்தார்கள். அந்த ஸ்தாபனத்திலும் நல்ல கலைஞர்கள் இருந்தார்கள், நல்ல படங்கள் எடுத்தார்கள். என்ன பயன்? விரும்பாதவன் வாயில் திணித்தால் அமிர்தமும் விளக்கெண்ணெய்தான். 2022-ல் அந்த ஸ்தாபனத்தையே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். அறுபது எழுபது வருஷத்தில் நாம் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று: விரும்பி வருகிறவன் டிக்கெட் வாங்கி டாக்குமெண்டரி பார்க்க ஓர் இடம்.

விழாக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். “நாங்கள் நடத்துகிறோமே!” நடத்துகிறீர்கள், உங்களுக்கு நமஸ்காரம். ஆனால் விழா என்பது திருவிழாச் சாப்பாடு. ஊர் பசிக்கு அன்றாடம் உலை வைக்க வேண்டாமா? விழாவில் ஒரு படம் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நாமே பார்த்து, நாமே கைதட்டி, நாமே டீ குடித்துக் கலைகிறோம். அந்த அட்டை என் கழுத்திலும் தொங்கியிருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். விழாவுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கும் உண்டு. டிக்கெட் விற்கும் கொட்டகைக்கு அது இல்லை. ஆனந்த் பட்வர்தனின் ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் தணிக்கைக் குழு 21 இடங்களை வெட்டச் சொன்னது. அவர் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போய், 2003-ல் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதி வாங்கினார். கோர்ட்டுக்குப் போய்ப் பொதுஜனத்துக்குக் காட்டும் உரிமையை ஒருவர் ஜெயித்து வருகிறார். ஜெயித்த உரிமையை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

நான் வாசல் கேட்டுப் போயிருக்கிறேன். தென் ஜில்லாவில் ஓர் ஊர். கொட்டகை முதலாளி வயசானவர், நல்லவர். செவ்வாய் புதன் காலைக் காட்சியை ஒரு மாதத்துக்குச் சின்னப் படங்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டேன்.

“தம்பி, நாலு பேருக்கு ஏ.சி. போட முடியுமா?” என்றார்.

“இப்போ அந்தக் காட்சிக்கு எத்தனை பேர் வர்றாங்க, அண்ணாச்சி?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “பல நாள் காட்சியே கிடையாது, தம்பி. ஆள் வரலேன்னா நிறுத்திடுவோம்.”

“அப்போ சும்மா கிடக்கிற நேரத்தைத்தானே கேட்கிறேன்?”

அவர் சிரித்தார். சம்மதிக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலி நாற்காலி அவருக்குப் பழகிவிட்டது. அறிமுகமில்லாத படம் பழகவில்லை. நஷ்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கலை பேசுவதும் நியாயமல்ல.

ஆகவே பொதுப்பணம் வேண்டும் என்கிறேன். ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்து முடிக்கப் பணம் கொடுத்தது மேற்கு வங்க சர்க்கார். அந்த சர்க்காரே பிற்பாடு கல்கத்தாவில் ‘நந்தன்’ என்று சினிமாவுக்கென்று ஒரு மாளிகை கட்டிற்று. 1985-ல் ராயே அதைத் திறந்து வைத்தார். கேரள சர்க்காரின் கழகம் திருவனந்தபுரத்தில் சொந்தமாகக் கொட்டகை நடத்துகிறது. சினிமாவால் ஆட்சி கண்ட தமிழ்நாட்டில், சினிமாவிலிருந்து முதலமைச்சர்கள் வந்த தமிழ்நாட்டில், சின்னப் படத்துக்கென்று வருஷம் முழுதும் திறந்திருக்கும் ஒரு கொட்டகை சென்னையில்கூட இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் கேட்பது மாளிகையல்ல. ஜில்லாவுக்கு ஓர் அரங்கம். முதலில் வருஷத்தில் ஒரு மாதம். வாரம் ஒரு படம், தினம் இரண்டு காட்சி, நேரம் மாறக்கூடாது, படத்தை நடுவில் எடுக்கக்கூடாது, ஓசி டிக்கெட் கிடையாது, எழுத்தாளனுக்கும் கிடையாது. முதல் வாரம் பன்னிரண்டு பேர் வரட்டும். நாலாவது வாரம் எண்ணிப் பார்ப்போம். அப்போதும் பன்னிரண்டே பேர் என்றால், ஜனங்களின் ரசனையைப் பற்றி நீங்கள் செய்கிற பிரசங்கத்தை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

வாசன் அன்றைக்குத் ‘தெரியாது’ என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அட்டவணையை மாற்றாதவர்கள், ஜனங்கள் வரவில்லை என்று இனிமேல் சொல்லாமலாவது இருக்கட்டும்.