மண்ணில்லா விவசாயம் யாருக்காக?

மண் வேண்டாம், மழை வேண்டாம், வெயிலும் வேண்டாம். பட்டணத்து நடுவே கொட்டகை போட்டு, தட்டுக்கு மேல் தட்டு அடுக்கி, மின்விளக்கு வெளிச்சத்தில் பயிர் வளர்த்து உலகத்தின் பசியைத் தீர்த்துவிடுவோம் என்று அமெரிக்க முதலாளிகள் பத்தாண்டுகளுக்கு மேலாகத் தம்பட்டம் அடித்தார்கள். அந்தத் தம்பட்டம் இன்று கிழிந்து கிடக்கிறது. ஏரோஃபார்ம்ஸ் கம்பெனி 2023 ஜூன் மாதம் திவால் மனு கொடுத்தது. கண்ணாடிக் கொட்டகையில் தக்காளி வளர்த்த ஆப்ஹார்வெஸ்ட் அடுத்த மாதமே அதே வழியில் போயிற்று. பௌரி 2024 நவம்பரில் கதவைச் சாத்தியது. ஏறத்தாழ 100 கோடி டாலர் மூலதனம் திரட்டிய பிளென்டி 2025 மார்ச்சில் திவால் கோர்ட்டின் படியேறியது. மூலதனம் போட்டவர்கள் நஷ்டக் கணக்கு எழுதிவிட்டு வேறு வியாபாரம் பார்க்கப் போனார்கள். அங்கே உழைத்தவர்கள் வேலையிழந்து தெருவுக்கு வந்தார்கள்.

இதைப் பார்த்து, மண்ணில்லா விவசாயமே மோசடி என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்லவில்லை. யந்திரத்தின் மீது கோபம் கொண்டு யந்திரத்தை உடைப்பது தொழிலாளி வர்க்கத்தின் பாதையல்ல. விஞ்ஞானம் மனித குலத்தின் சொத்து. அது யார் கையில் இருக்கிறது, யாருக்காக வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

செடிக்குத் தேவை தண்ணீர், ஒளி, காற்று, கரைந்த நிலையில் சில தாது உப்புக்கள். மண் இவற்றைத் தேக்கி வைத்து வேருக்குக் கொடுக்கிறது. அந்த உப்புக்களை அளந்து தண்ணீரில் கரைத்து நேராக வேருக்கே கொடுத்தால் செடி வளரும். கரைசலைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதால், கீரை போன்ற பயிர்களுக்கு வயலில் பாய்ச்சும் நீரில் பத்தில் ஒரு பங்கு வரை போதும். தண்ணீருக்குத் தவிக்கும் நாடுகளுக்கு இது சாமான்ய லாபமல்ல.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். நெல்லும் கோதுமையும் பருப்பும் கிழங்கும் இந்த முறையில் கட்டுபடியாகும் விலைக்கு விளைவதில்லை. சூரியன் இலவசமாகக் கொடுக்கும் ஒளியை விளக்கு போட்டுக் கொடுத்தால் மின்சாரக் கட்டணம் விளைச்சலை விழுங்கிவிடும். தண்ணீரில் கரைக்கும் உப்புக்களும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. தழைச்சத்து உரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு தயாராகிறது. பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதையும் இந்தியா இறக்குமதி செய்கிறது. இவற்றை மறைத்துவிட்டு ‘நீடித்த விவசாயம்’ என்று பெயர் சூட்டுவது ஏமாற்று வேலை.

பழைய கதை

இந்த முறைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயரைக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் கெரிக்கே 1937-ல் பிரபலப்படுத்தினார். அவர் தண்ணீரில் வளர்த்த தக்காளிக் கொடிகளைக் கண்டு உலகமே வியந்தது. மறுவருஷமே அதே சர்வகலாசாலையின் ஹோக்லாண்டும் ஆர்னனும் நிதானமாக ஒரு உண்மையை எடுத்துரைத்தார்கள்: நல்ல மண்ணில் நன்றாகப் பயிரிட்டால் கிடைப்பதைவிடப் பெரிய விளைச்சல் எதுவும் இதில் கிடைத்துவிடாது.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1946-ல் வங்காளத்தின் காலிம்பொங்கில் டக்ளஸ் என்ற ஆங்கிலேயர் இதற்கான பரிசோதனைகளைத் தொடங்கினார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் அதே வங்காளத்தில் சுமார் 30 லட்சம் மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். வங்காளத்தில் மண்ணுக்கா பஞ்சம்? கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அங்கே இருந்தது. யுத்தச் செலவு ஏற்றிய விலைவாசியும், பதுக்கல்காரர்களின் கொள்ளையும், வெள்ளைச் சர்க்காரின் அலட்சியமும் சேர்ந்து மக்களைக் கொன்றன. மண்ணோடு வந்த பஞ்சத்தை மண்ணில்லாத் தொட்டி மட்டும் எப்படித் தீர்க்கும்?

முதலாளிகள் ஏன் கீரைக்கு ஓடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சீக்கிரம் வளர்வது, எடை குறைந்தது, பணக்காரன் சாலட் தட்டில் அதிக விலைக்குப் போவது கீரை. பசித்தவனுக்கு வேண்டியது சோறும் பருப்பும். லாபம் கீரையைக் காட்டியது. மூலதனம் அங்கே போயிற்று. 2022-ல் வட்டி உயர்ந்தது, மின்கட்டணம் உயர்ந்தது, பணம் போட்டவர்கள் பின்வாங்கினார்கள். கம்பெனிகள் சரிந்தன. தொட்டியில் இருந்த பயிரில் குற்றமில்லை. கணக்குப் புஸ்தகத்தில்தான் குற்றம்.

கியூபா காட்டும் வழி

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று உண்டு. கியூபாவில் 1980-களில் உரக் கரைசலில் காய்கறி வளர்க்கும் தொட்டிப் பண்ணைகள் இருந்தன. 1991-ல் சோவியத் யூனியன் சிதைந்தது. உரமும் எண்ணெயும் வருவது திடீரென்று குறைந்தது. 1962 முதல் கழுத்தை நெரித்துவந்த அமெரிக்க வர்த்தகத் தடை, 1992-லும் 1996-லும் புதுச் சட்டங்களால் மேலும் இறுக்கப்பட்டது. பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என்பது வாஷிங்டனின் கணக்கு.

உப்புக் கரைசல் இல்லாத தொட்டிகளை கியூப மக்கள் என்ன செய்தார்கள்? மண்ணையும் மக்கிய எருவையும் நிரப்பினார்கள். மண்புழு உரம் தயாரித்தார்கள். நகரங்களில் சும்மா கிடந்த நிலங்களில் பாத்தி கட்டினார்கள். ‘ஆர்கனோபோனிகோ’ என்று உலகம் இன்று அறியும் முறை இப்படிப் பரவியது. நிலத்தை அரசு மக்களின் உபயோகத்துக்குக் கொடுத்தது. 1993-ல் பெரிய அரசுப் பண்ணைகள் கூட்டுறவுகளாக மாற்றப்பட்டன. ஹவானாவின் அலமார் பகுதியில் 1997-ல் சிலர் சேர்ந்து தொடங்கிய பண்ணை 10 ஹெக்டேருக்கு மேல் வளர்ந்து, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கூட்டுறவாயிற்று. காலையில் அறுத்த கீரை அங்கேயே குடியிருப்பு மக்களுக்கு விற்கப்பட்டது. லாபம் உழைத்தவர்களுக்குள் பங்கிடப்பட்டது.

கியூபா எல்லாவற்றையும் சாதித்துவிட்டது என்று நாம் மிகைப்படுத்தவில்லை. அரிசியும் கோதுமையும் நகரப் பாத்திகளில் விளையவில்லை. உணவில் பெரும்பகுதியை அந்நாடு இறக்குமதியே செய்கிறது. மக்கள் கடும் கஷ்டங்களை அனுபவிக்கிறார்கள். ஆனால் மூலதனம் கொழித்த அமெரிக்கக் கம்பெனிகள் பாதியில் ஓடிப்போனபோது, முற்றுகையில் இருந்த ஒரு சிறு தேசத்தின் மக்கள் வெறும் எருவையும் கையுழைப்பையும் கொண்டு தங்கள் நகரங்களுக்குக் காய்கறி கொடுத்தார்கள் என்பதை எவராலும் மறுக்க முடியாது.

பொள்ளாச்சியின் பங்கு

நமக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் உண்டு. ஐரோப்பாவின் கண்ணாடிக் கொட்டகைகளில் ‘மண்ணில்லாமல்’ வளரும் தக்காளிகளில் பல, நம் தென்னை நார்த்தூளில் வேர்விட்டவை. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் அந்தத் தூள் களங்களில் உலர்த்தப்படுகிறது, உப்புப் போகக் கழுவப்படுகிறது, கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. கழுவ இறைப்பது நம் நிலத்தடி நீர். கழுவிய பழுப்புத் தண்ணீர் எங்கே போகிறது? கிணறு கெட்டுப்போயிற்று என்று சுற்றுப்புற விவசாயிகள் முறையிடுகிறார்கள். வெயிலில் தூசியைச் சுவாசித்துக் களத்தில் கிளறிவிடும் பெண்களின் கூலி என்ன? அந்நிய நாட்டில் தண்ணீர் மிச்சம். நம் ஊரில் கிணறு நாசம் என்றால், இது எந்த ஊர் நீடித்த விவசாயம்?

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. நார்த்தூள் ஆலைகள் கழுவும் நீரைச் சுத்திகரித்து மீண்டும் உபயோகிக்கும்படி சர்க்கார் கட்டாயப்படுத்த வேண்டும். அங்குள்ள தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியும் இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் அமலாக வேண்டும். மண்ணில்லா சாகுபடிக்கு ஒதுக்கப்படும் மானியம், பட்டாவும் ஈடும் காட்டக்கூடிய கம்பெனிக்காரர்களோடு நின்றுவிடக் கூடாது. நிலமற்ற பெண்களின் கூட்டுறவுகளுக்குப் போக வேண்டும். அவர்கள் விளைவிக்கும் கீரையைச் சத்துணவுக் கூடங்களும் காலை உணவுத் திட்டமும் நியாய விலைக்கு வாங்க வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி முடிவுகள் கட்டணமின்றிக் கிராமத்துக்கு வர வேண்டும். கியூபா மீதான தடையை நீக்கக் கோரி நாடெங்கும் குரல் ஓங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தொட்டி விவசாயத்தைக் காட்டி நெல் வயலை மனை போட விடக் கூடாது. ஏரியைத் தூர்க்க விடக் கூடாது. குத்தகைதாரனின் உரிமையைப் பறிக்க விடக் கூடாது. மண்ணில்லாமல் கீரை வளரலாம். ஊருக்குச் சோறு போடுகிறவன் இன்றும் மண்ணில்தான் நிற்கிறான். அந்த மண் அவனுக்குச் சொந்தமாகும் வரை நம் போராட்டம் ஓயாது.